வேலூர் வெயிலில் நிலைக்கும் மணம்: தனக்கென ஒரு சென்ட்டைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சென்ட் கடையில் நிற்கும் ஒருவர் பெரும்பாலும் முதல் இரண்டு நிமிடங்களில் எழும் மணத்தை வைத்தே பாட்டிலை வாங்கிவிடுகிறார். குளிரூட்டப்பட்ட கடைக்குள் எலுமிச்சையும் புதினாவுமாக எழுந்த அந்த மணம், சித்திரை மாதத்து வேலூரில் பேருந்தைவிட்டு இறங்கிக் கோட்டை அகழியோரம் நடந்து முடிப்பதற்குள் ஆவியாகிப் போய்விடுகிறது. மீதி நாள் முழுவதும் அவரோடு இருப்பது அவர் கடையில் முகர்ந்தே பார்க்காத வேறொரு மணம். ஆகவே தனக்கென்று ஒரு மணத்தைத் தேடுகிறவர், கடைசியாக எஞ்சி நிற்கும் மணத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே மேலே எழும் மணங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வடஆர்க்காட்டுப் பகுதிக்கு இந்த வரிசை மிகவும் அவசியம் என்பதால், கீழே உள்ள படிகள் அனைத்தும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

முதல் படி: மணத்தின் மூன்று அடுக்குகளை அறிந்துகொள்ளுங்கள்

ஒரு வாசனைத் திரவியத்தில் விரைவாக ஆவியாகும் பொருள்களும் மெதுவாக ஆவியாகும் பொருள்களும் கலந்திருக்கின்றன. எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் போன்ற நார்த்தை வகைகளும் சில மூலிகைகளும் முதலில் எழுந்து, கால் மணி முதல் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இதை முதல் மணம் எனலாம். மல்லிகை, ரோஜா, ஏலக்காய், கிராம்பு போன்றவை அதன் பின் சில மணி நேரம் நிற்கும் நடு மணம். சந்தனம், வெட்டிவேர், அகில், பச்சோலி, கஸ்தூரி வகைகள், வெனிலா ஆகியவை பல மணி நேரம் தோலிலும், துணியில் அடுத்த நாள் வரையிலும் தங்கும் அடி மணம். வெப்பம் கூடினால் ஆவியாகும் வேகமும் கூடும். அதனால் ஊட்டியில் அரை மணி நேரம் நிற்கும் முதல் மணம் வேலூரில் அதில் பாதிகூட நிற்காமல் போகலாம்.

பாட்டிலின் மேல் எழுதியிருக்கும் வகைப்பெயர் எண்ணெய்ச் செறிவைக் குறிக்கிறது. கொலோனில் அது ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு, இ.டி.டி. எனப்படும் ஓ டி டாய்லெட்டில் 5 முதல் 15, இ.டி.பி. எனப்படும் ஓ டி பர்ஃப்யூமில் 15 முதல் 20, எக்ஸ்ட்ரே என்று விற்கப்படுவதில் 20-க்கும் மேல். இவை சட்டம் வகுத்த எல்லைகள் அல்ல, தொழிலில் உள்ள வழக்கம் மட்டுமே. ஆதலால் ஒரு நிறுவனத்தின் இ.டி.டி. இன்னொரு நிறுவனத்தின் இ.டி.பி.யைவிட நீண்ட நேரம் நிற்பது உண்டு. செறிவு கூடினால் மணம் தூரம் போகும் என்று நினைப்பதும் சரியல்ல. செறிவு மிகுந்தவை பல நேரங்களில் உடலை ஒட்டியே அடங்கி நிற்கும். ஆல்கஹால் மிகுந்த இலேசான வகைகளோ அறை முழுவதும் பரவிவிட்டுச் சீக்கிரம் மறைந்துவிடும்.

இரண்டாம் படி: ஏற்கெனவே உங்கள் மேல் உள்ள மணங்களைக் கணக்கெடுங்கள்

நம் ஊரில் எவரும் வெறும் உடலின் மேல் சென்ட் அடித்துக்கொள்வதில்லை. தேங்காய் எண்ணெய், சந்தன சோப்பு, முகப் பவுடர், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தலையில் மல்லிகை, துணி துவைக்கும் பொடியின் மணம் என்று ஏற்கெனவே ஐந்தாறு அடுக்குகள் நம் மேல் இருக்கின்றன. புதிதாக வரும் மணம் இவற்றோடு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இவற்றில் சிலவற்றை விட்டுவிட வேண்டும். நாள்தோறும் தேங்காய் எண்ணெய் தடவுகிறவருக்குச் சந்தனம், வெனிலா, வெள்ளைப் பூக்கள் ஆகியவை இயல்பாகப் பொருந்தும். கடல் காற்றின் மணம் என்று விற்கப்படும் நீல நிற வகைகள் அந்த எண்ணெயோடு சேரும்போது ஒருவிதக் காறல் நெடியைத் தருவதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்ளும் பெண்கள் மல்லிகை சென்ட்டை வாங்க வேண்டியதில்லை. உண்மையான பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பாட்டில் மல்லிகையும் தோற்றுப்போகும். அதற்குப் பதிலாகச் சந்தனமோ வெட்டிவேரோ அடியில் உள்ள ஒன்றை அணிந்தால், பூவின் மணமே அதன் நடு மணமாக அமைந்துவிடும். இதைப் போன்ற பொருத்தம் எந்த வெளிநாட்டு விற்பனையாளருக்கும் தோன்றாது.

மூன்றாம் படி: அடி மணத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கடைக்குப் போகும் முன் வீட்டிலும் சந்தையிலும் கிடைக்கும் மூலப்பொருள்களை முகர்ந்து, எது உங்களை மீண்டும் மீண்டும் இழுக்கிறது என்று பாருங்கள்.

சந்தனம் இந்த மண்ணின் பொருள். ஜவ்வாது மலையின் சந்தன மரங்கள் பெயர் பெற்றவை. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருக்கிறது. நல்ல சந்தன எண்ணெயின் மணம் பால் கலந்தது போல மென்மையாகவும் சற்றே இனிப்பாகவும் இருக்கும்; குத்தாது, பல மணி நேரம் நகராது. பூஜை அறையில் கட்டையை நீர்விட்டு இழைத்து முகர்ந்தவர்களுக்கு அந்த அளவுகோல் ஏற்கெனவே மூக்கில் இருக்கிறது. கடைகளில் சந்தனம் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பங்கு செயற்கைச் சேர்மங்கள் அல்லது ஆஸ்திரேலியச் சந்தன வகைகள் என்பதை அறிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இல்லை. செயற்கை என்பதாலேயே ஒன்று மட்டமாகிவிடாது. விலையில் மட்டும் அசல் எண்ணெய்க்குரிய தொகையைக் கேட்கக் கூடாது.

வெட்டிவேர், என் கணிப்பில், வேலூர்க் கோடைக்கு எல்லாவற்றிலும் பொருத்தமான அடி மணம். பானைத் தண்ணீரில் போட்டும், சன்னலில் தட்டியாகக் கட்டி நீர் தெளித்தும் பழகிய மணம் என்பதால் நம் மூக்கு அதைக் குளிர்ச்சியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. அதன் எண்ணெய் கனமானது, மெதுவாக ஆவியாவது, உடன் கலந்த இலேசான மணங்களையும் பிடித்து நிறுத்துவது. பிரெஞ்சு நிறுவனமான கெர்லான் 1959-இல் வெளியிட்ட ‘வெட்டிவேர்’ என்ற சென்ட் இன்றும் விற்பனையில் இருப்பதற்கும், உலகெங்கும் ஆண்களுக்கான சென்ட்களில் இந்த வேர் இடம்பெறுவதற்கும் அந்தப் பிடிமானமே காரணம். வெட்டிவேரை ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கும் அந்த வழக்கத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. சென்ட் பெட்டியில் எழுதப்படும் ஆண், பெண் என்ற பிரிவு விற்பனைக்காக ஏற்பட்டதே அன்றி மணத்தில் இருப்பதல்ல.

ஊது (oud) என்ற பெயரிலும் விற்கப்படும் அகில் மணம், அகில் மரத்தின் உட்பகுதியில் பூஞ்சை தொற்றும்போது மரம் சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது. ஆழமானது, மருந்து நெடியும் புகையும் கலந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திருமண வீடுகளில் விரும்பி அணியப்படுவதை முகர்ந்திருப்பீர்கள். மார்கழி இரவுக்கு அது அழகு. மே மாதப் பகலில் வகுப்பறைக்கோ அலுவலகத்துக்கோ அதை அணிவது பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சுமை.

கஸ்தூரி, புனுகு போன்ற விலங்கு மணங்கள் இன்று பெரும்பாலும் செயற்கையாகவே தயாரிக்கப்படுகின்றன. அசல் புனுகு என்று சொல்லித் தெருவில் விற்பவரிடம் வாங்காதீர்கள்; புனுகுப் பூனை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். செயற்கைக் கஸ்தூரியில் ஒரு வினோதம் உண்டு: அதன் சில வகைகளை முகரும் திறன் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. உங்களுக்கு ஒன்றுமே தெரியாத சென்ட் மற்றவருக்கு மூக்கைத் துளைப்பதாக இருக்கலாம். ஆகவே இந்த வகையைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டில் ஒருவரை முகர்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

தோல் மணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரான்சின் கிராஸ் என்ற ஊர் இன்று வாசனைத் திரவியங்களின் தலைநகராக அறியப்படுகிறது. ஆனால் அது முதலில் ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் போலத் தோல் பதனிடும் ஊராகவே இருந்தது. பதனிட்ட தோலின் நெடியை மறைப்பதற்காகக் கையுறைகளுக்கு மணமூட்டும் வழக்கம் 16-ஆம் நூற்றாண்டில் பரவியது. அந்தக் கையுறைத் தொழிலிலிருந்தே அங்கே மணத் தொழில் வளர்ந்தது. இன்று தோல் மணம் என்று விற்கப்படும் சென்ட்கள் பிர்ச் மரத்தின் தார், சில செயற்கைச் சேர்மங்கள் ஆகியவற்றால் ஆனவை. முடிக்கப்பட்ட கைப்பையின் மணத்தையே அவை நினைவூட்டும், தோல் தொட்டியின் நெடியை அல்ல. என்றாலும் நாள் முழுவதும் காலணித் தொழிற்சாலையில் நிற்பவருக்கு வீடு திரும்பிய பின்னும் அதே மணம் வேலையைத்தான் நினைவுபடுத்தும். அவர்களுக்கு வெட்டிவேரே மேல்.

நான்காம் படி: நடு மணத்தையும் முதல் மணத்தையும் அதன் மேல் பொருத்துங்கள்

அடி மணம் முடிவானதும் மற்றவை எளிது. பூ மணம் விரும்புகிறவர்கள் மல்லிகை, ரோஜா, சம்பங்கி, தாழம்பூ, செண்பகம் ஆகியவற்றைக் காலை நேரத்தில் பூக்கடையில் நின்று முகர்ந்து வேறுபடுத்திப் பழகலாம். மல்லிகையிலும் சம்பங்கியிலும் மிகுந்த வெப்பத்தில் கனத்துத் தலைவலி தரும் ஒரு தன்மை இருக்கிறது. மாலை நேரத்துக்கு ஒதுக்கிவைப்பது நல்லது.

மரிக்கொழுந்தை எவரும் சென்ட்டாக நினைப்பதில்லை. மாலையில் இரண்டு கொத்து வைத்துக் கட்டும் அந்த இலையின் எண்ணெய், தவனம் என்ற பெயரில் தென்னிந்தியாவிலிருந்து உலகத்து மணத் தொழிலுக்குப் போகிறது. அணிபவரின் தோலுக்கு ஏற்ப அதன் மணம் மாறும் என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்வது வழக்கம். பழக்கூழும் மூலிகையும் கலந்த அந்த மணத்தைச் சந்தனத்தின் மேலோ வெட்டிவேரின் மேலோ வைத்துப் பாருங்கள். ஊரில் வேறு எவரிடமும் இல்லாத மணம் வேண்டும் என்பவருக்கு இதைவிட அருகில் வேறு வழி இல்லை.

முதல் மணத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அது போகத்தான் போகிறது.

ஐந்தாம் படி: அத்தரா, ஸ்பிரேயா என்று முடிவு செய்யுங்கள்

அத்தரில் ஆல்கஹால் இல்லை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பூக்களைச் செம்புப் பாத்திரத்தில் நீரோடு காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய் உள்ள கலத்தில் இறக்குவது மரபு முறை. அதே ஊரில் சுட்ட மண்ணைக் காய்ச்சி, முதல் மழையின் மணத்தை இறக்கும் மண் அத்தரும் தயாராகிறது; ஆகஸ்ட் மாதத்து மாலை மழைக்குப் பின் நம் ஊரில் எழும் மண் வாசனையை விரும்புகிறவர்கள் அதை ஒரு முறையாவது முகர்ந்து பார்க்க வேண்டும். சந்தன எண்ணெயின் விலை உயர்ந்துவிட்டதால், இன்று பல அத்தர்களில் அதன் இடத்தில் மலிவான எண்ணெய் வகைகளே இருக்கின்றன. அத்தர் பள்ளிவாசல்களை ஒட்டிய கடைகளில் பெரும்பாலும் 3, 6, 12 மில்லி பாட்டில்களில் கிடைக்கும். 3 மில்லியே மாதக்கணக்கில் வரும் என்பதால் சோதித்துப் பார்க்கச் செலவு குறைவு. சமயக் காரணத்துக்காக ஆல்கஹாலைத் தவிர்ப்பவர்களுக்கும், ஆல்கஹால் பட்டால் எரியும் தோல் உள்ளவர்களுக்கும் இதுவே பொருத்தம்.

ஸ்பிரே பரவும், மணங்கள் அடுக்கடுக்காக மாறும், துணியில் எண்ணெய்க் கறை படியாது. அத்தர் தோலை ஒட்டி நிற்கும், மெதுவாக எழும், வெள்ளை வேட்டியில் பட்டால் கறை போகாது. வெயிலில் வியர்த்து நடக்கிறவர்களுக்கு அத்தரும், குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஸ்பிரேயும் பொதுவாக ஒத்துவரும்.

ஆறாம் படி: காகிதத்தில் நீக்கம், தோலில் தேர்வு

கடையில் தரும் காகிதப் பட்டை பிடிக்காதவற்றை நீக்குவதற்கு மட்டுமே உதவும். ஒரே வருகையில் நான்கைந்துக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகும்; கவுன்டரில் வைத்திருக்கும் காப்பிக் கொட்டையை முகர்வதைவிட வெளியே வந்து சற்று நின்று திரும்புவதே நல்லது. காகிதத்தில் பிடித்தவற்றுள் இரண்டை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, தேய்க்காமல், கடையைவிட்டு வெளியேறிவிடுங்கள். அன்றே வாங்க வேண்டாம்.

பெரிய நிறுவனங்களின் சோதனைப் பாட்டில்கள் சென்னைக் கடைகளில்தான் அதிகம். இதை ஒரு குறையாகக் கொள்ளாமல் வசதியாக்கிக்கொள்ளலாம்: சென்னையில் மணிக்கட்டில் போட்டுக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறினால், சுமார் 130 கிலோமீட்டர் கடந்து காட்பாடியில் இறங்கும்போது முதல் மணம் முழுவதும் போய், நடு மணம் தணிந்து, அடி மணம் வெளிவரத் தொடங்கியிருக்கும். அப்போது, பிளாட்பாரத்து வெக்கையில், மணிக்கட்டை முகர்ந்து பாருங்கள். அந்த நேரத்திலும் பிடித்திருந்தால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முழு நாள் சோதனை. இணையத்தில் 5 அல்லது 10 மில்லி அளவில் பிரித்து விற்பவர்களிடமிருந்தோ, நிறுவனத்தின் சிறு மாதிரிக் குப்பியாகவோ வாங்கி, வேலை நாளில் ஒரு முறை, விடுமுறை நாளில் ஒரு முறை, வியர்த்து விறுவிறுத்த நாளில் ஒரு முறை அணியுங்கள். அணிந்திருப்பவருக்குத் தன் மணம் சிறிது நேரத்திலேயே தெரியாமல் போவது இயற்கை; ஆகவே மாலையில் கழற்றிய சட்டையை அடுத்த நாள் காலையில் முகர்வதே நேர்மையான சோதனை. முடிந்தால் கத்திரி வெயிலில் ஒரு முறையும் மார்கழியில் ஒரு முறையும் அணிந்து பார்க்கும் வரை பெரிய பாட்டிலை வாங்காமல் தள்ளிப்போடுங்கள். இரண்டு பருவங்களுக்கும் ஒன்றே பொருந்தவில்லை என்றால் அதே அடி மணம் கொண்ட இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம்: கோடைக்கு வெட்டிவேரும் நார்த்தையும், குளிருக்கு வெட்டிவேரும் ஏலக்காயும் என்பது போல. அடி மணம் மாறாததால், முகர்பவர்களுக்கு இரண்டும் உங்கள் மணமாகவே தெரியும்.

ஏழாம் படி: தோலின் பாதுகாப்பு

பெர்கமாட், எலுமிச்சை போன்ற சில நார்த்தை எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலைக் கருக்கும் பொருள்கள் உண்டு. தரமான தயாரிப்பாளர்கள் அவற்றை நீக்கியோ அளவைக் கட்டுப்படுத்தியோ பயன்படுத்துகிறார்கள். தரம் அறியாத கலவைகளில் அந்த உறுதி இல்லை. கழுத்தில் போட்டுக்கொண்டு வெயிலில் இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்குப் பழுப்புத் தழும்புகள் விழுவது இதனால்தான். நார்த்தை மிகுந்தவற்றைச் சட்டைக்குள், மார்பில் போட்டுக்கொள்வது பாதுகாப்பு. புதிய சென்ட் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அதை விட்டுவிடுங்கள். குழந்தையைத் தூக்கப் போகும் கைகளில் சென்ட் வேண்டாம்.

வேலூரில் இன்னொன்றையும் கருத வேண்டும். சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளை நம்பி நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்து தங்கும் ஊர் இது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கடுமையான மணம் குமட்டலையும் மூச்சுத் திணறலையும் தரலாம். மருத்துவமனையில் பணிபுரிகிறவர்களும் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் அன்றைக்குச் சென்ட் இல்லாமல் போவதே முறை. மற்ற இடங்களில், கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் மணம் போகாத அளவே போதும்: கோடையில் இரண்டு முறை அழுத்தினால் போதும், குளிர்காலத்தில் மூன்று அல்லது நான்கு.

எட்டாம் படி: வாங்குதலும் வைத்துக்கொள்ளுதலும்

வெளிநாட்டுச் சென்ட்டின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, நிகர அளவு, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி விலைக்குத் தரும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’களில் முதல் மணம் அச்சு அசலாக இருக்கும், அடி மணத்தில்தான் வேறுபாடு தெரியும், அதுவும் வாங்கிய பிறகு. முதல் முறை 30 அல்லது 50 மில்லிக்கு மேல் வாங்க வேண்டாம்.

குளித்துத் துடைத்த உடன், மணமில்லாத வாசலைனை மெல்லியதாகத் தடவி அதன் மேல் போட்டால் வறண்ட தோலிலும் மணம் நிற்கும். பட்டுப் புடவையிலும் சரிகையிலும் நேரடியாக அடிக்காதீர்கள், ஆல்கஹால் புள்ளி விழும். எரியும் விளக்குக்கு அருகில் ஸ்பிரே செய்யாதீர்கள்.

மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இருக்கும் இரும்பு பீரோ, கோடையில் சென்ட்டுக்கு மிக மோசமான இடம். வெளிச்சமும் சூடும் மணத்தைச் சிதைக்கின்றன. குளியலறையின் ஈரமும் ஆகாது. தரைத் தளத்தில், அட்டைப் பெட்டிக்குள்ளேயே, அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். இப்படி வைத்தால் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கெடாது. நார்த்தை மிகுந்தவை அதற்கு முன்பே மங்கலாம். நிறம் அடர்ந்து, முதல் மணத்தில் புளிப்போ காறலோ வந்தால் அதைத் தோலில் போடாதீர்கள்.

நிறுவனங்கள் விலைக்காகவோ பாதுகாப்பு விதிகளுக்காகவோ கலவையை அறிவிப்பின்றி மாற்றுவதுண்டு. ஆகவே பழைய பாட்டிலில் சில மில்லியை மிச்சம் வைத்துக்கொண்டு, புதியது வந்ததும் இரு மணிக்கட்டுகளிலும் போட்டு, நான்கு மணி நேரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்; அடி மணம் ஒன்றாக இருந்தால் தொடரலாம், மாறியிருந்தால் ஆறாம் படியில் நீங்கள் குறித்துவைத்த அடுத்த பெயருக்குப் போகலாம்.